ஏலமலைக்கு அன்றாடப் பயணம்

ஏலமலைக்கு அன்றாடப் பயணம் என்பது, தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் வாழும் கூலித் தொழிலாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலை ஏறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் வழக்கத்தைக் குறிக்கும். இவ்வூர்களில் இதை 'மலைக்கு வேலைக்குப் போறது' என்று சொல்வார்கள். போகிறவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். ஒரு மாநிலத்தில் உறங்கி, வேறொரு மாநிலத்தில் உழைத்து, மறுபடி முதல் மாநிலத்திலேயே சோறு பொங்கும் வாழ்க்கை இது. வேலை நேரம், கூலி, விபத்து இழப்பீடு ஆகியவை பற்றிய சட்டங்கள் பெரும்பாலும் தோட்டத்தின் வாசலில் தொடங்கித் தோட்டத்தின் வாசலிலேயே முடிந்துவிடுகின்றன. இந்தத் தொழிலாளர்களின் ஆபத்தோ அந்த வாசலுக்கு வெளியே, கொண்டை ஊசி வளைவுகளில் இருக்கிறது.

பள்ளத்தாக்கும் மூன்று வழிகளும்

கம்பம் பள்ளத்தாக்கு மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே மேகமலைத் தொடருக்கும் இடையே நீண்டு கிடக்கிறது. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்களில் இரு போகம் நெல் விளைகிறது. கம்பம், கூடலூர், சின்னமனூர்ப் பகுதிகளின் பன்னீர் திராட்சை பெயர் பெற்றது. கம்பம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே தலை நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலை விளிம்புதான் மாநில எல்லை. விளிம்பைத் தாண்டியவுடன் நிலம் சரிந்து இறங்குவதில்லை. அங்கிருந்து ஏலமும் மிளகும் விளையும் மேட்டுநிலம் தொடங்கிவிடுகிறது. ஆகவே தோட்டங்கள் நேர்க்கோட்டில் மிக அருகில் இருக்கின்றன. சாலை வழியில்தான் தொலைவாகின்றன.

வாகனம் செல்லும் வழிகள் மூன்று. தெற்கே கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஏறுவது ஒன்று. வண்டிப்பெரியாறு, அணக்கரை பக்கத்துத் தோட்டங்களுக்கு இது உதவும். கம்பத்திலிருந்து நேரே மேற்கில் கம்பம்மெட்டுக்கு ஏறுவது இரண்டாவது. வண்டன்மேடு, நெடுங்கண்டம், புளியமலைத் தோட்டங்களுக்கு இதுவே குறுக்கு வழி. வடக்கே போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை, இராஜகுமாரி செல்வது மூன்றாவது. போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை இவ்வழியாகவே செல்கிறது. மழைக்காலத்தில் பாறை உருண்டு விழுந்து இச்சாலை அடைபடுவது வழக்கம். அடைபட்டால் போடிப் பக்கத்துத் தொழிலாளருக்கு அன்றைய கூலி இல்லை.

சரக்குக்கு இம்மலையில் ஒரு காலத்தில் நல்ல ஏற்பாடு இருந்தது. மூணாறுத் தேயிலையைக் கீழே இறக்க, டாப் ஸ்டேஷனிலிருந்து போடிக்கு மேலே உள்ள கொட்டகுடி அடிவாரத்துக்குக் கம்பிவடப் பாதை அமைத்திருந்தார்கள். அதன் மேல் முனை என்பதால்தான் அவ்விடத்துக்கு டாப் ஸ்டேஷன் என்று பெயர். போடிக்கு இரயில் வந்ததும் முக்கியமாக மலைச் சரக்குக்காகவே. அந்த மீட்டர் பாதை அகலப்பாதையாகி, 2023 ஜூன் முதல் போடிக்கு மீண்டும் இரயில் வருகிறது. ஆனால் அது கிழக்கே மதுரை நோக்கித்தான் ஓடுகிறது. மேற்கே மலை ஏறும் தொழிலாளருக்கு ஜீப்பைத் தவிர வேறு ஊர்தி அமையவில்லை.

ஏன் மலை ஏறுகிறார்கள்?

நெல்லும் திராட்சையும் விளையும் செழிப்பான பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு ஏன் வேலைக்கு மலை ஏற வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. வயல் செழிப்பாக இருப்பது வயல் உள்ளவருக்கு. மலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள். நெல் அறுவடை இயந்திரத்துக்குப் போய்விட்டது. நடவு, களை எடுப்பு ஆகிய வேலைகள் ஆண்டில் சில வாரங்களே கிடைக்கும்.

ஏலம் அப்படியல்ல. ஏலச்செடியில் காய் பிடிக்கும் சரம் செடியின் அடித்தட்டையிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிறது. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்தே இருக்கும். எனவே ஒரே நாளில் ஒட்டுமொத்தமாக அறுவடை செய்ய முடியாது. முற்றியதை மட்டும் பார்த்துக் கையால் கிள்ள வேண்டும். சில வாரங்கள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். ஆகஸ்ட் தொடங்கிப் பிப்ரவரி வரை இப்படிச் சுற்றுச் சுற்றாகக் காய் எடுப்பு நடக்கும். மற்ற மாதங்களில் கவாத்து, களை, உரம், மருந்தடிப்பு, மழைக்கு முன் நிழல் மரங்களின் கிளை கழிப்பு என்று வேலை தொடரும். மரம் ஏறுவதும் மருந்தடிப்பதும் ஆண்கள் வேலை. காய் எடுப்பது பெண்கள் வேலை. ஈரத் தரையில் குந்தி, அட்டைக் கடியைப் பொறுத்து, இலைக்கடியில் கை நுழைத்துக் காயைத் தேடும் இந்த வேலைக்கு இயந்திரம் வரவில்லை. இடுக்கி விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்துப் பரப்பிய ஞள்ளானி இரகம் ஏக்கருக்கான விளைச்சலைப் பெரிதும் கூட்டியது. அதோடு கிள்ள வேண்டிய காயும் கூடிற்று.

கூலியும் ஒரு காரணம். கேரளத் தோட்டக் கூலி, தமிழகச் சமவெளிக் கூலியைவிட நெடுங்காலமாகவே மேல். 2015 செப்டம்பரில் மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் பெண்கள், சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே திரண்டு நடத்திய 'பெம்பிளை ஒருமை' போராட்டத்தின் பின், தேயிலைத் தோட்ட நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. அதே உடன்பாட்டில் ஏலத்தோட்டத்துக்கான நாட்கூலி 267இலிருந்து 330 ஆக உயர்ந்தது. அந்தப் போராட்டத்தை நடத்தியவர்கள் தமிழ்ப் பெண்கள். ஆனால் தோட்ட லயங்களிலேயே தலைமுறைகளாகக் குடியிருப்பவர்கள். கீழேயிருந்து அன்றாடம் வந்து போகிறவர்களுக்கு அவ்வாறு ஒரே இடத்தில் திரள இடமும் இல்லை, நேரமும் இல்லை. நாலு மணிக்குக் கைகழுவியதும் ஜீப்பு புறப்பட்டுவிடும்.

முன்பு இவர்களின் முன்னோர் அன்றாடம் திரும்பவில்லை. திருவிதாங்கூர் ஆட்சிக்காலத்தில் ஏலமலை திறந்துவிடப்பட்டபோது கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து முதலாளிகளும் போனார்கள், கூலிகளும் போனார்கள். காட்டுத் தடங்களில் நடந்து ஏறி, பருவம் முழுவதும் கொட்டகைகளில் தங்கி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இறங்கி வந்தனர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. ஒரே சந்தைக்கும் ஒரே கூலிக்கூட்டத்துக்கும் உரிய நிலம் இரண்டு மாநிலங்களானது. பின்னர்ச் சாலையும் ஜீப்பும் வந்தன. பிள்ளைகளைக் கீழேயே பள்ளியில் படிக்கவைக்கும் ஆசையும் ரேஷன் அட்டை, வாக்கு, சொந்த வீடு எல்லாம் கீழே இருப்பதும் சேர்ந்து, தங்கி வேலை செய்த வழக்கம் அன்றாடப் பயணமாக மாறியது. இன்று பல தோட்டங்களின் லயங்களில் ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள்.

ஏலக்காய் மட்டும் எல்லை பார்ப்பதில்லை. இடுக்கியில் உலர்த்திய காய், நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலத்துக்குப் புற்றடிக்கும் போடிநாயக்கனூருக்கும் மாறி மாறி வருகிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை விலை போனது. அப்படிப்பட்ட காலங்களில் காய் எடுக்க ஆள் பிடிக்கும் போட்டியில் ஜீப்புகள் இன்னும் முன்நேரமாகத் தெருவுக்கு வந்துவிடும்.

ஒரு நாளின் கணக்கு

பணிக்கணக்கில் தோட்டத்து நாள் காலை எட்டு மணியளவில் தொடங்கி மாலை நான்கு, நாலரைக்கு முடிகிறது. சட்டப்படி பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் எட்டு மணிக்குச் செடியடியில் இருக்க வேண்டுமானால், தேவாரத்திலிருந்தோ கோம்பையிலிருந்தோ புறப்படும் ஜீப்பு விடிவதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும். ஐந்தரைக்கு ஜீப்பு ஏறுகிற பெண் நாலு மணிக்காவது எழ வேண்டும். தண்ணீர் பிடித்து, சமைத்து, தூக்குவாளியில் தனக்கும் பாத்திரத்தில் பிள்ளைகளுக்கும் சோறு வைத்துவிட்டுப் போக வேண்டும். மாலை ஆறரை, ஏழுக்கு வீடு திரும்பினால் இரவுச் சமையல் காத்திருக்கும். படுக்க பத்தாகும். உறக்கம் ஆறு மணி நேரம். எட்டு மணி நேர வேலைக்குக் கூலி பெறும் ஒருவர் வீட்டைவிட்டு வெளியே இருப்பது பதின்மூன்று மணி நேரம். இந்த ஐந்து மணி நேர வேறுபாட்டை எந்தப் பதிவேட்டிலும் காண முடியாது.

பிள்ளைகளின் நாளும் இதனால் மாறுகிறது. தாய் புறப்படும்போது குழந்தைகள் தூக்கத்தில் இருப்பார்கள். அவர்களை எழுப்பி, குளிக்கவைத்துப் பள்ளிக்கு அனுப்புவது பாட்டி வேலை; பாட்டி இல்லாத வீட்டில் மூத்த பெண்பிள்ளையின் வேலை. பள்ளிக்குத் தாமதமாக வரும் மாணவி எல்லோரும் சோம்பேறிகள் அல்லர் என்பதை மலையடிவார ஊர்களில் பணியாற்றிய ஆசிரியர்கள் அறிவார்கள். தம்பிக்குத் தலைவாரிவிட்டு வந்த பெண்ணை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதில் எந்த ஒழுக்கமும் வளர்வதில்லை.

தோட்டத் தொழிலாளர் சட்டம் (1951) ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் உள்ள தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால் ஜீப்பின் பின்பகுதியில் நெருக்கி நின்று பதினேழு வளைவு ஏறும் தாய், கைக்குழந்தையை எப்படி அந்தக் காப்பகத்துக்குக் கொண்டுபோவாள்? சட்டம் எழுதியவர்கள் தொழிலாளி தோட்டத்திலேயே குடியிருப்பதாக எண்ணி எழுதினார்கள். குடியிருப்பு, மருத்துவமனை, காப்பகம் எல்லாம் அந்த எண்ணத்தில் பிறந்தவை. அன்றியும் அச்சட்டம் 5 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டங்களுக்கே பொருந்தியது. ஏலத்தோட்டங்களில் அதைவிடச் சிறியவை ஏராளம். 2025 நவம்பர் 21 முதல் இச்சட்டத்தின் இடத்தில் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது; 5 ஹெக்டேர் என்ற அளவு அதிலும் தொடர்கிறது.

ஜீப்பு

ஜீப்பு ஓட்டுநரை வெறும் ஓட்டுநராக எண்ணக்கூடாது. எந்தத் தோட்டத்துக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று முதல் நாள் இரவே அறிந்து, தெருத்தெருவாகச் சொல்லி ஆள் சேர்ப்பவர் பல இடங்களில் அவரேதான். அல்லது அவரோடு இணைந்த கங்காணி. வாடகையைத் தோட்டக்காரர் கொடுப்பதும் உண்டு, ஆள் கணக்கில் தரகு கொடுப்பதும் உண்டு. எப்படியானாலும் ஓர் ஆள் கூடினால் வருமானம் கூடும். அதனால்தான் ஏழெட்டுப் பேருக்கான வண்டியில் பதினைந்து, இருபது பேர் ஏறுகிறார்கள். பின்புறம் தொங்கிக்கொண்டும் போகிறார்கள். காலையில் எட்டு மணிக்குள் சேர வேண்டும் என்ற அவசரம் ஏற்றத்தில். மாலையில் இன்னொரு நடை அடிக்க வேண்டும் என்ற அவசரம் இறக்கத்தில். அதோடு பனிமூட்டம், மழை, எதிரே சரக்கு லாரி.

பெரிய விபத்து நடந்த மறுநாள் சோதனைச் சாவடிகளில் கெடுபிடி இருக்கும். ஆட்களை இறக்கிவிட்டு அபராதம் போடுவார்கள். இறக்கிவிடப்பட்டவருக்கு அன்றைய கூலி போகும் என்பதால், சில நாள் கழிந்து எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஜீப்பை மட்டும் தண்டித்து இதைச் சரிசெய்ய முடியாது. மலைக்கு உரிய நேரத்தில் பேருந்து இருந்தாலொழிய, கூட்டம் வேறெங்கும் போகப்போவதில்லை.

கூட்டமாக ஏற்றுவதில் மறைந்துள்ள இன்னொரு இழப்பு பலருக்குத் தெரியாது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றிய வண்டி விபத்துக்குள்ளானால், காப்பீட்டு நிறுவனம் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை அளவுக்கே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2007இல் அஞ்சனா ஷியாம் வழக்கில் கூறியது. உயர்ந்த இழப்பீட்டுத் தொகைகளை அந்த எண்ணிக்கைக்குக் கணக்கிட்டு நிறுவனம் கட்ட வேண்டும். அதை எல்லோருக்கும் விகிதப்படி பங்கிட வேண்டும். மீதியை வண்டி உரிமையாளரிடம்தான் வசூலிக்க வேண்டும். எளிய கணக்காகச் சொன்னால், எட்டுப் பேருக்குக் காப்பீடு உள்ள வண்டியில் பதினாறு பேர் இருந்தால், எட்டுப் பேரின் பணம் பதினாறு வீடுகளுக்குப் போகும். பழைய ஜீப்பு ஒன்றைத் தவிர வேறு சொத்தில்லாத உரிமையாளரிடம் மீதியை வசூலிப்பது ஏட்டில் மட்டுமே நடக்கும்.

விமானிகளின் வேலைப் பயணம்

இதே கேள்வி, முற்றிலும் வேறான ஒரு தொழிலில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. விமான நிறுவனம் ஒவ்வொரு விமானிக்கும் ஒரு பணித்தளத்தைக் குறிக்கிறது. அவருடைய பணி அங்கே தொடங்கி அங்கே முடியும். ஆனால் விமானியின் வீடு அங்கே இருக்க வேண்டும் என்பதில்லை. மதுரையில் வீடும் சென்னையில் பணித்தளமும் உள்ள ஒருவர், விமானம் ஓட்டுவதற்காக முதலில் ஒரு விமானத்தில் பயணியாகப் போக வேண்டும். அமெரிக்காவில் இது மிகப் பரவலான வழக்கம். காலி இருக்கையிலோ விமானி அறையில் உள்ள கூடுதல் இருக்கையிலோ இலவசமாகப் போவார்கள். பணித்தள நகரில் பலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறையில் சில மணி நேரம் படுப்பார்கள்.

2009 பிப்ரவரி 12 அன்று, நியூவார்க்கிலிருந்து பஃபலோ சென்ற கோல்கன் ஏர் விமானம் தரையிறங்கும் முன் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தனர். விசாரணையில் தெரியவந்த ஒரு செய்தி அமெரிக்கர்களை அதிரவைத்தது. துணை விமானி முந்தைய இரவு முழுவதும் சரக்கு விமானங்களில், சியாட்டிலிலிருந்து மெம்பிஸ் வழியாக, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். தலைமை விமானியின் வீடு புளோரிடாவில். அவர் விமான நிலையத்தின் பணியாளர் அறையில் தங்கியிருந்தார். வேகம் குறைந்தபோது தலைமை விமானி தவறாகச் செயல்பட்டதே விபத்துக்குக் காரணம் என்றது விசாரணை. களைப்பு இருவரையும் பாதித்திருக்கக்கூடும், ஆனால் எந்த அளவுக்கு என்று சொல்ல முடியாது என்றும் கூறியது. துணை விமானியின் குறைந்த சம்பளமும் அப்போது பேசப்பட்டது. பணித்தள நகரில் வீடு எடுக்க முடியாதவர்தான் தொலைவிலிருந்து வருகிறார் என்பது விமானத்துக்கும் ஜீப்புக்கும் பொதுவான உண்மை.

இதன் விளைவாக 2014 ஜனவரியில் அமெரிக்காவில் விமானிகளின் ஓய்வு விதிகள் கடுமையாயின. ஆனாலும் வீட்டிலிருந்து வரும் பயணத்துக்கு வரம்பு வைக்கவில்லை. பணிக்கு வரும்போது தெளிவாக இருப்பது விமானியின் பொறுப்பு என்று நிறுத்திக்கொண்டார்கள். இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட விதிகள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கின. இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தன. 2025 நவம்பரில் அவை முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, போதிய விமானிகளை ஏற்பாடு செய்யாத இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் டிசம்பர் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் இரத்தாயின. ஓய்வு எவ்வளவு விலை உயர்ந்தது என்பது அப்போதுதான் பயணிகளுக்குத் தெரிந்தது.

விமானத் துறை விதிகளில் ஒரு நுட்பம் இங்கே கவனிக்கத்தக்கது. விமானி தம் விருப்பப்படி வீட்டிலிருந்து பணித்தளத்துக்கு வந்தால் அந்நேரம் பணியில் சேராது. ஆனால் நிறுவனமே அவரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு, அங்கே விமானம் ஓட்டுவதற்காக, பயணியாக அனுப்பினால் அந்த நேரம் முழுவதும் பணி நேரமாகக் கணக்கிடப்படும். பயணத்தை ஏற்பாடு செய்தவர் யார் என்பதே அளவுகோல். இந்த அளவுகோலைப் போடிமெட்டுச் சாலையில் வைத்துப் பார்க்கலாம். ஜீப்பை அனுப்புவது தோட்டம் அல்லது தோட்டத்துக்காக ஆள் சேர்ப்பவர். புறப்படும் நேரத்தையும் ஏறும் எண்ணிக்கையையும் முடிவு செய்வதும் அவர்களே. விமானிக்கு உரிய நியாயத்தின்படி, ஜீப்பில் கழியும் நேரம் வேலை நேரமே.

பயணம் வேலையில் சேருமா?

இந்திய நீதிமன்றங்கள் இக்கேள்வியை நெடுங்காலமாக எதிர்கொண்டு வருகின்றன. 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, விபத்து 'பணியின்போது, பணியின் காரணமாக' நேர்ந்திருக்க வேண்டியிருந்தது. வாசலுக்கு வெளியே நேர்ந்தால் என்ன செய்வது? 1958இல் சௌராஷ்டிர உப்பு நிறுவன வழக்கில், பணியிடத்தின் எல்லையைச் சிறிது தூரம் நீட்டிப் பார்க்கலாம் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் உப்பளத்திலிருந்து திரும்பும் வழியில் படகு கவிழ்ந்து இறந்த அந்தத் தொழிலாளர்களுக்கு அது பொருந்தாது என்றது. பொதுமக்கள் யாவரும் பயன்படுத்தும் படகுத்துறைக்கு வந்தபின் அவர்கள் பணியில் இல்லை என்பது காரணம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவர்களுக்கு மட்டும், வேலைக்குச் செல்லும் வழி விபத்தும் பணி விபத்தே என்று 2010இல் சட்டத் திருத்தம் வந்தது.

2025 ஜூலை 29 அன்று இதில் பெரிய மாற்றம் நேர்ந்தது. மகாராட்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003இல் அதிகாலைப் பணிக்குச் செல்லும்போது, ஆலைக்குச் சில கிலோமீட்டர் முன்பு விபத்தில் இறந்திருந்தார். வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்துக்கும் பணிக்கும் நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றால் தொடர்பு நிறுவப்பட்டால், அது 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் பணி விபத்தே என்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் தீர்ப்பளித்தது. அக்குடும்பம் 22 ஆண்டுகள் காத்திருந்தது. தோட்டம் ஏற்பாடு செய்த ஜீப்பில் போகும் தொழிலாளியின் வழக்கு, தம் சொந்த வண்டியில் போன காவலாளியின் வழக்கைவிட வலுவானது.

ஆனால் பணியாளர் என்பதை மெய்ப்பிக்க வேண்டுமே! தோட்டத்தின் செக்ரோலில் பெயர் இருந்தால் மெய்ப்பிப்பது எளிது. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, மிகையூதியம் எல்லாம் அந்த ஒரு பதிவைப் பற்றியே வருகின்றன. ஆண்டுக்கணக்கில் ஒரே தோட்டத்துக்குப் போயும் 'தற்காலிக ஆள்' என்ற பெயரில் பதிவில்லாமல் இருப்பவர்கள் பலர். கூலி பெற்றதற்கான எந்தச் சீட்டையும், கைப்பேசியில் வந்த வங்கிச் செய்தியையும்கூட, அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. மோட்டார் வாகனச் சட்டப்படி இழப்பீடு கோருவதானால், விபத்து இடுக்கியில் நேர்ந்திருந்தாலும் குடும்பம் வசிக்கும் தேனி மாவட்டத் தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். துக்கம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் கெடு தவறிவிடும்.

எல்லை மூடும்போது

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது குமுளிச் சாலை அடைபட்டது. ஏலமலையில் வேலைக்குப் போயிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் அச்சத்தில் காட்டுத் தடங்கள் வழியே நடந்து இறங்கினர். காய் எடுப்பு உச்சத்தில் இருந்த மாதம் அது. அங்கே காய் உதிர்ந்து வீணானது. இங்கே அடுப்பு எரியவில்லை. அணையைப் பற்றி இரு பக்கத்திலும் உரக்கப் பேசியவர்களில் ஜீப்பு ஏறுகிறவர்கள் மிகக் குறைவு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மூன்று சாவடிகளும் மூடப்பட்டன. மலையில் இருந்தவர்கள் மறுபடியும் காட்டு வழியை நாடினார்கள். கோடையின் தொடக்கத்தில் காய்ந்த புல் நிறைந்த சரிவு அது. போடி அருகே ராசிங்கபுரத்துக்கு மேலே, கேரளத் தோட்டத்திலிருந்து நடந்து இறங்கிய ஒரு தொழிலாளர் குழு காட்டுத்தீயில் சிக்கியது. ஒரு சிறுமி உட்படச் சிலர் இறந்தனர். தளர்வுகள் வந்த பின்னும் இ-பாஸ், பரிசோதனைச் சான்று என்று நாட்கூலிக்காரரால் அன்றாடம் பெற முடியாத தாள்கள் கேட்கப்பட்டன. நாள்தோறும் எல்லை கடந்து திரும்புகிறவர் என்ற வகையே அந்த விதிகளை வகுத்தவர்களின் எண்ணத்தில் முதலில் இருக்கவில்லை.

காட்டுத் தடம் இப்பகுதி மக்களுக்குப் பழைய வழி. லெனின் பாரதி இயக்கி 2018இல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' திரைப்படம் அத்தகைய தடத்தில் ஏலக்காய் மூட்டை சுமந்து இறங்கும் நிலமற்ற ஒரு தொழிலாளியைப் பற்றியது. சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்க அவன் படும் பாட்டைப் படம் பேசுகிறது. அதற்கு இசையமைத்த இளையராஜா பிறந்த பண்ணைப்புரம், மலைக்கு ஜீப்பு போகும் ஊர்களில் ஒன்று.

சாக்கலூத்து மெட்டு

பண்ணைப்புரத்துக்கு அடுத்த தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்கு ஏறும் நடைபாதை ஒன்று உண்டு. ஏறி முடித்தால் உடும்பன்சோலைப் பகுதித் தோட்டங்கள் கண்ணெதிரே தெரியும். இதைச் சாலையாக்க வேண்டும் என்பது அப்பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை. தேர்தல்தோறும் வாக்குறுதியாக வந்துபோகிறது. பாதை காப்புக்காட்டுக்குள் செல்வதால், 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி நடுவண் அரசின் ஒப்புதல் வேண்டும். காட்டைப் பிளந்து இன்னொரு மலைச்சாலை போடுவதில் உள்ள கேட்டை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நிலச்சரிவும் யானை வழித்தடமும் எண்ண வேண்டியவை. அதே வேளையில், தேவாரத்துத் தொழிலாளி தலைக்கு மேலே தெரியும் தோட்டத்துக்குப் போக, வடக்கே போடிக்கோ தெற்கே கம்பத்துக்கோ சென்று, மலையைச் சுற்றி ஏறி, மீண்டும் அதே தோட்டத்தின் பக்கமாக வர வேண்டியிருக்கிறது. ஜீப்பில் கழியும் மணிநேரங்களில் பெரும்பகுதி இந்தச் சுற்றில்தான் போகிறது. புதிய சாலை போடாமலே, இருக்கிற கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சாலைகளில் அதிகாலையிலும் மாலையிலும் இரு மாநில அரசுப் பேருந்துகளைத் தோட்ட நேரத்துக்கு ஏற்ப இயக்க முடியும். அதற்கு வனத்துறை அனுமதியும் தேவையில்லை.